பாட்டு எழுதியது பாட்டில் அல்ல

டவுன்ஸ் வான் ஸாண்ட் என்ற பெயரை எங்கே எடுத்தாலும் இரண்டு வாக்கியங்கள் கூடவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒன்று: "பாவம், அங்கீகாரமே கிடைக்காமல் போன மேதை." இரண்டு: "அந்த அளவுக்குக் குடிச்சதாலதான் சார் அப்படிப்பட்ட பாட்டெல்லாம் வந்தது." இரண்டுமே பொய். முதலாவதை அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். இரண்டாவது ஆளைக் கொல்லும். அதனால் இது கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஆளைத் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 1944 மார்ச் 7 அன்று அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த் நகரில் பிறந்தவர். பழம்பெருமையும் வசதியும் உள்ள குடும்பம். அந்தக் குடும்பப் பெயரிலேயே டெக்ஸாஸில் ஒரு கவுண்டி இருக்கிறது (நம் ஊர்க் கணக்கில் மாவட்டம் மாதிரி). அப்பா வக்கீல். டிவியில் எல்விஸ் பிரெஸ்லியைப் பார்த்துவிட்டுக் கிடார் கேட்ட பையனுக்கு 1956 கிறிஸ்துமஸுக்கு ஒரு கிடார் கிடைத்தது. பின்னால் சட்டப் படிப்புக்கான ஆரம்ப வகுப்பில்கூடச் சேர்ந்தார். முடிக்கவில்லை. ஹூஸ்டனின் சின்னச் சின்ன காபிக் கடைகளிலும் மதுக்கடைகளிலும் கிடாரோடு உட்கார்ந்துவிட்டார். லைட்னிங் ஹாப்கின்ஸ் என்ற ப்ளூஸ் கலைஞரின் விரல் வித்தையைக் கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டார். ஃபோக், கன்ட்ரி, ப்ளூஸ் மூன்றும் கலந்த ஒரு பாணி. ஒரு கிடார், ஒரு குரல், ஒரு கதை. அவ்வளவுதான் கச்சேரி.

அவருடைய எந்த ஆல்பமும் பெரிதாக விற்றதில்லை. ஆனால் மற்றவர்கள் பாடிய கணக்கைப் பாருங்கள். 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி' பாட்டை எம்மிலூ ஹாரிஸ் 1976 கடைசியில் வந்த தன் ஆல்பத்தில் பாடினார். அதையே வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகார்டும் சேர்ந்து பாட, 1983-ல் அமெரிக்க கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. 'இஃப் ஐ நீடட் யூ' 1981-ல் எம்மிலூ ஹாரிஸ், டான் வில்லியம்ஸ் குரல்களில் மூன்றாமிடம் வரை போனது. நான்ஸி கிரிஃபித் 1993-ல் 'டெகம்ஸே வேலி'யைப் பாடினார். நோரா ஜோன்ஸ் (நம் பண்டிட் ரவிசங்கரின் மகளேதான், டெக்ஸாஸில் வளர்ந்தவர்) 2004-ல் 'பீ ஹியர் டு லவ் மீ' பாடினார். ராபர்ட் பிளான்ட்டும் அலிஸன் க்ராஸும் 2007-ல் வெளியிட்ட 'ரெய்ஸிங் ஸாண்ட்' ஆல்பத்தில் 'நத்திங்' இருக்கிறது. 2009-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது அந்த ஆல்பம். பாப் டிலன் 1993-ல் வில்லி நெல்சனோடு மேடையில் நின்று 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி' பாடினார். 2022-ல் பாட்டுகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார்.

இந்த ஆளுக்குத்தான் "அங்கீகாரம் கிடைக்கவில்லை" என்கிறோம். சரி, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த ஆளைக் கொல்லும் பொய்.

புனேயில் எங்கள் சொசைட்டியில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். பையன் பன்னிரண்டாம் வகுப்பு. நன்றாகவே கிடார் வாசிப்பான், இரண்டு மூன்று பாட்டு சொந்தமாகவும் எழுதியிருக்கிறான். போன தீபாவளி சமயம் அப்பாவும் பையனும் என் முன்னாலேயே மல்லுக்கு நின்றார்கள். "சார், நீங்களாவது சொல்லுங்க இவன்ட்ட. கிடாரைத் தூக்கினவன்லாம் கடைசில குடிச்சுத்தான் அழிஞ்சிருக்கான். இவனே ஒருத்தன் கதையச் சொல்லுதான், கேளுங்க" என்றார் அப்பா. அந்த ஒருத்தன் டவுன்ஸ் வான் ஸாண்ட். பையன் விடவில்லை. "அங்கிள், அவர் மாதிரி எழுதணும்னா அவர் மாதிரி வாழ்ந்திருக்கணும். ஹாப்பியா இருக்கிறவன் எழுதுற பாட்டை யார் கேப்பாங்க?"

நன்றாகக் கவனியுங்கள். அப்பாவும் பையனும் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இரண்டு பேரும் ஒரே கட்சி. 'கலை என்றால் அழிவு' என்று அப்பா நம்புகிறார், அதனால் கிடாரைப் பிடுங்கப் பார்க்கிறார். 'கலை என்றால் அழிவு' என்று பையனும் நம்புகிறான், அதனால் அழிவைத் தேடிப் போகத் தயாராக இருக்கிறான். ஊரை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, பிள்ளைகளுக்குப் பாட்டு கிளாஸ், கிடார் கிளாஸ், கீபோர்டு கிளாஸ் என்று பணம் கட்டிக்கொண்டிருக்கும் நம் வீடுகளில் இந்தச் சண்டை நிறையவே நடக்கிறது. அதனால்தான் எங்கேயோ டெக்ஸாஸில் பிறந்த ஒருவரின் வரலாற்றை இவ்வளவு மெனக்கெட்டு இங்கே எழுதுகிறேன். அந்த வரலாறு நாம் நினைப்பதற்கு நேர் எதிராகப் பேசுகிறது.

முதல் சாட்சி, காலண்டர்.

டவுன்ஸின் முதல் ஆல்பம் 1968-ல் வந்தது. அதிலிருந்து 1972 வரை மொத்தம் ஆறு ஆல்பங்கள். மேலே நான் சொன்ன பாட்டுகள் ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். 'டெகம்ஸே வேலி', 'பீ ஹியர் டு லவ் மீ', 'நத்திங்', 'இஃப் ஐ நீடட் யூ', 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி' எல்லாமே அந்த ஆறு ஆல்பங்களுக்குள் அடக்கம். அப்போது அவருக்கு வயது 24-லிருந்து 28. அதற்குப் பிறகு இன்னும் 24 வருடங்கள் உயிரோடு இருந்தார். அந்த 24 வருடங்களில் புதுப் பாட்டுகளோடு வெளிவந்த ஸ்டுடியோ ஆல்பங்கள் மூன்றுதான்: 1978, 1987, 1994. இது தவிர 1974-ல் பதிவு செய்த சில பாட்டுகள் 1993-ல் வெளிவந்தன. மற்றபடி மேடையில் பாடியதைப் பதிவு செய்த ஆல்பங்கள்.

குடி பாட்டெழுதும் என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? 1968-ஐ விட 1978-ல் அதிகம் குடித்தார். 1978-ஐ விட 1990-களில் இன்னும் அதிகம். பாட்டு மட்டும் நாலு வருடத்துக்கு ஆறு ஆல்பம் என்பதிலிருந்து எட்டு வருடத்துக்கு ஒன்று என்று தேய்ந்தது. "இளமையிலும் குடித்தாரே" என்பீர்கள். ஆமாம், குடித்தார். 1970-களின் தொடக்கத்தில் ஹெராயினும் இருந்தது. அந்த வயதில் உடம்பு தாங்கியது, மூளை தாங்கியது. தாங்கியதால் எழுதினார். தாங்காமல் போனபோது எழுத்தும் நின்றது. பிற்காலத்திலும் 'மரி' மாதிரி நெஞ்சைப் பிடிக்கும் பாட்டு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஒன்று கிடைத்ததே என்று சந்தோஷப்படும்போது கிடைக்காமல் போன இருபதை யார் கணக்கு எழுதுவது?

இரண்டாவது சாட்சி, உழைப்பு.

முதல் ஆல்பத்தை நாஷ்வில்லில் பதிவு செய்தபோது தயாரிப்பாளர்கள் பின்னணி வாத்தியம், கோரஸ் என்று ஏகத்துக்கு அலங்காரம் செய்துவிட்டார்கள். டவுன்ஸுக்குப் பிடிக்கவில்லை. குடித்துவிட்டுத் தூங்கிப் போகிற ஆள் என்றால் அத்தோடு விட்டிருப்பார். இவர் என்ன செய்தார்? அந்த ஆல்பத்தில் இருந்த பாட்டுகளில் நாலை எடுத்து, அலங்காரத்தை எல்லாம் கழித்துவிட்டு, 1969-ல் தன் பெயரிலேயே வந்த ஆல்பத்தில் மறுபடி பதிவு செய்தார். 'டெகம்ஸே வேலி'யை இரண்டாவது ஆல்பத்தில் மறுபடி பாடினார். இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரு தச்சன் தான் செய்த நாற்காலி ஆடுகிறது என்று தெரிந்ததும் பிரித்துப்போட்டு மறுபடி அடிக்கிறானே, அந்த வேலை.

'இஃப் ஐ நீடட் யூ' கனவில் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். காய்ச்சலோடு நண்பர் கை க்ளார்க் வீட்டில் படுத்திருந்தபோது வந்த கனவாம். இதைப் பிடித்துக்கொண்டு "பார்த்தீங்களா, எல்லாம் தானா வந்ததுதான்" என்று கிளம்பிவிடுவார்கள். தானாகவே வந்ததாக இருக்கட்டும். பதினைந்து வருடம் தினமும் கிடாரைத் தொட்ட விரல், நூற்றுக்கணக்கான பழைய பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்த தலை. அந்தத் தலைக்குள்தான் அந்தக் கனவு வரும். எனக்குக் கனவில் ஆபீஸ் மீட்டிங்தான் வருகிறது :-)

'பாஞ்சோ அண்ட் லெஃப்டி' பிறந்த கதை இன்னும் சாதாரணம். டாலஸ் பக்கம் பாடப் போன இடத்தில் பில்லி கிரஹாமின் மதக்கூட்டத்தால் ஊரில் எங்கும் அறை இல்லை. தள்ளி ஒரு மட்டமான ஹோட்டலில் தங்க வேண்டியதாயிற்று. செய்வதற்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்து எழுதினேன் என்று மேடைகளில் சொல்வார். இதில் சாபமும் இல்லை, சந்நதமும் இல்லை. ஒரு ஆள், ஒரு அறை, கையில் நேரம். உலகத்தில் பெரும்பாலான நல்ல வேலை இப்படித்தான் நடக்கிறது.

மூன்றாவது சாட்சி, கூட இருந்தவர்கள்.

கை க்ளார்க், டவுன்ஸின் உயிர் நண்பர். அவரும் புகைத்தார், குடித்தார், ஒன்றும் சாமியார் இல்லை. ஆனால் வேலை என்றால் வேலை. நாஷ்வில்லில் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் பட்டறை போட்டுக் கையாலேயே கிடார் செய்வார். அதே பட்டறையில் பென்சிலை வைத்துக்கொண்டு பாட்டும் எழுதுவார். 1975-ல் முதல் ஆல்பம். 2014-ல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமி. 2016-ல் இறந்தார்.

ஜான் ப்ரைன் சிகாகோ அருகே மேவுட்டில் தபால்காரர். வீடு வீடாகக் கடிதம் போட்டுக்கொண்டே மனதுக்குள் பாட்டு எழுதினார். 1971-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தை இன்றுவரை பாடகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். தினமும் மூட்டை சுமந்த ஒரு அரசு ஊழியர், ஐயா! அந்த ஆல்பத்தில் இருக்கும் துக்கம் எந்த மதுக்கடையில் வாங்கியது? அவர் 2020-ல் கொரோனாவில் போனார். போகிற வரை எழுதிக்கொண்டிருந்தார்.

ஸ்டீவ் ஏர்ல் கதைதான் எனக்கு மிக முக்கியம். சிறுவயதிலேயே டவுன்ஸின் பின்னாலேயே சுற்றிய சீடர். "உலகத்திலேயே சிறந்த பாடலாசிரியர் டவுன்ஸ்தான், பாப் டிலன் வீட்டு காபி டேபிள் மேல் பூட்ஸ் காலோடு ஏறி நின்று இதைச் சொல்வேன்" என்று பிரகடனம் செய்தவர். (டவுன்ஸ் இதற்குச் சொன்ன பதில்: டிலனுடைய பாதுகாவலர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த டேபிள் பக்கம் இவன் போக முடியாது!) தன் மகனுக்கு ஜஸ்டின் டவுன்ஸ் ஏர்ல் என்று பெயர் வைத்தார். குருவிடமிருந்து பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, போதையையும் எடுத்துக்கொண்டார். ஒரு கட்டத்தில் நிலைமை முற்றிப்போய், அவருக்குப் புத்தி சொல்ல டவுன்ஸே வந்து நின்றாராம். "உன்னையே அனுப்பி வைக்கிறார்கள் என்றால் நான் எவ்வளவு மோசமாகிவிட்டேன் பார்" என்று நினைத்ததாகப் பின்னால் பேட்டிகளில் சொல்லிச் சிரித்தார். 1994-ல் சிறைக்குப் போனார். அங்கிருந்து சிகிச்சை. வெளியே வந்து போதையில்லாமல் முதலில் செய்த வேலை, 1995-ல் வந்த ஆல்பம். அதில் குருவின் 'டெகம்ஸே வேலி'யும் உண்டு. அதற்குப் பிறகு வரிசையாக ஆல்பங்கள், நாவல், நாடகம், நடிப்பு. 2009-ல் குருவின் பாட்டுகளை மட்டுமே பாடி 'டவுன்ஸ்' என்ற ஆல்பம், அதற்குக் கிராமி. டவுன்ஸ் நல்ல வாத்தியார், ஆனால் மோசமான முன்மாதிரி என்று வெளிப்படையாகவே சொன்னார் அவர்.

அந்த மகன் ஜஸ்டினும் அருமையான பாடலாசிரியர். 2020 ஆகஸ்டில், 38 வயதில், போதை மருந்தால் இறந்தார். 2021-ல் மகனுடைய பாட்டுகளைப் பாடி அப்பா ஓர் ஆல்பம் வெளியிட்டார். குருவின் பாட்டைப் பாடிய அதே வாய் மகன் பாட்டையும் பாட வேண்டியிருந்தது. இதற்கு மேல் எனக்கு எழுத ஓடவில்லை. "போதை கலைஞனுக்கு அழகு" என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த ஒரு ஆல்பத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு, அதையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். "துக்கம் தெரியாதவன் துக்கத்தை எப்படி எழுதுவான்?" என்பார்கள். நியாயமான கேள்வி. டவுன்ஸுக்குத் துக்கம் தெரியும். கல்லூரிக் காலத்திலேயே மேனிக் டிப்ரஷன் என்று கண்டுபிடித்தார்கள், இப்போது பைபோலார் என்கிறோம். 1960-களின் தொடக்கத்தில் மூன்று மாதம் இன்சுலின் ஷாக் என்ற கொடூரமான சிகிச்சை கொடுத்தார்கள். அதில் சிறுவயது நினைவுகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. அம்மா மடியில் இருந்த நினைவே இல்லாத ஒரு மனிதன் எழுதிய பாட்டுகள் இவை.

ஆனால் நோய் வேறு, குடி வேறு, எழுத்து வேறு. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "மேதைமை" என்று லேபிள் ஒட்டுவதுதான் மோசடி. அந்த நோய் லட்சக்கணக்கான பேருக்கு வருகிறது, அவர்கள் யாரும் பாஞ்சோவை எழுதவில்லை. குடி கோடிக்கணக்கான பேருக்கு இருக்கிறது. குடித்தால் பாட்டு வரும் என்றால் நம் டாஸ்மாக் வாசல்களில் தினமும் ஒரு திருவையாறு உற்சவம் அல்லவா நடக்க வேண்டும்? நோயையும் குடியையும் மீறி அவர் எழுதினார். 'மீறி' என்ற அந்த ஒரு சொல்லை 'அதனால்' என்று மாற்றிப்போட்டால் ஒரு மனிதனின் போராட்டமே அவனுடைய எதிரியின் சாதனை ஆகிவிடுகிறது.

இப்போது அந்த முதல் பொய்க்கு வருவோம். அங்கீகாரம் கிடைக்கவில்லையா?

அங்கீகாரம் என்றால் என்ன என்று நாம் நினைக்கிறோம்? போஸ்டரில் முகம். நம் சினிமாப் பழக்கம் அப்படி. நம் ஊர்ச் சங்கங்களில் பாட்டுக் கச்சேரி நடந்தால் "எஸ்.பி.பி. பாட்டு" என்பார்கள், "ராஜா பாட்டு" என்பார்கள், "ரஜினி பாட்டு" என்றுகூடச் சொல்வார்கள். எழுதியவர் பெயரைச் சொல்லி நான் கேட்டது அபூர்வம். அந்த அளவுகோலோடு போய் டவுன்ஸை அளந்தால் பாவமாகத்தான் தெரியும்.

பாடுகிறவர்கள் வைத்த அளவுகோல் வேறு. வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகார்டும் ஆல்பம் செய்துகொண்டிருந்தபோது அதைத் தூக்கி நிறுத்தும்படி ஒரு பாட்டு அமையவில்லை. எம்மிலூ பாடியதைக் கேட்டிருந்த வில்லியின் மகள் லானா கொண்டுவந்து கொடுத்தார். தூங்கிக்கொண்டிருந்த ஹாகார்டை நடுராத்திரியில் எழுப்பிப் பாட வைத்தார்கள். கடைசியில் அந்தப் பாட்டின் பெயரே ஆல்பத்தின் பெயரானது. அந்த வீடியோவில் டவுன்ஸுக்கும் ஒரு சின்ன வேஷம் கொடுத்தார்கள், மெக்ஸிகோ போலீஸ்காரராக ஓரமாக வந்து போவார். தொழில் தெரிந்தவர்கள் தொழில் தெரிந்தவனுக்குக் கொடுத்த மரியாதை அது. எந்த விருதுக் கமிட்டியும் கொடுக்க முடியாதது.

மரியாதை மட்டுமா, பணமும் வந்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் 1909-லிருந்தே ஒரு சட்ட ஏற்பாடு உண்டு. ஒரு பாட்டு ஒருமுறை ரெக்கார்டாக வந்துவிட்டால் அதை யார் வேண்டுமானாலும் பாடி ரெக்கார்டு போடலாம், அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டின் உரிமைக்காரருக்குச் சட்டம் நிர்ணயித்த காசைக் கொடுத்தே ஆக வேண்டும். 1977 வரை பாட்டுக்கு 2 சென்ட், 2023-ல் 12 சென்ட். அதோடு சாதாரண ரேடியோவில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் போகும், பாடியவருக்குப் போகாது! ஆக 1983-ல் ஊரெல்லாம் ரேடியோவில் வில்லியும் மெர்லும் பாடிக்கொண்டிருந்தபோது பாடலாசிரியர் கணக்கில் காசு ஏறிக்கொண்டிருந்தது. "மற்றவர்கள் அவர் பாட்டைப் பாடிக் கல்லா கட்டினார்கள்" என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் பாடியதுதான் அவருக்குச் சோறு போட்டது.

இரக்கப்பட வேண்டுமென்றால் நம் நாட்டுப் பாடலாசிரியர்களைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கலாம். படத்துக்காக எழுதிக் கொடுத்த பாட்டின் முதல் உரிமையாளர் படத் தயாரிப்பாளர்தான் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மொத்தமாக ஒரு தொகை, அதோடு தீர்ந்தது கணக்கு. பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி பங்கு என்பது 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வந்தது. முப்பத்தைந்து வருடம். அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பாட்டை நாம் காரில் போட்டுக் கேட்டுக்கொண்டே "டவுன்ஸ், பாவம்" என்கிறோம்.

அப்படியென்றால் டவுன்ஸுக்கு எதுதான் கிடைக்கவில்லை? "இது நோய், இதற்கு வைத்தியம் வேண்டும்" என்று கேட்டு நிற்கும் ஒரு கூட்டம் கிடைக்கவில்லை. குடும்பமும் நெருங்கிய நண்பர்களும் எவ்வளவோ முயன்றார்கள். சிகிச்சைக்குப் பல முறை போய் வந்தார். ஆனால் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்? நிற்க முடியாமல் நின்று பாட்டின் நடுவே வரி மறந்து போனபோதும் அதையும் ஒரு கலை நிகழ்ச்சியாக ரசித்தவர்கள் இருந்தார்கள். "இன்றைக்கு என்ன ஆகுமோ" என்று பார்க்கவே டிக்கெட் வாங்கியவர்கள் இருந்தார்கள். கம்பெனி மட்டும் சளைத்ததா? 1972-ல் வந்த ஆல்பத்தின் பெயர் 'தி லேட் கிரேட் டவுன்ஸ் வான் ஸாண்ட்'. அதாவது 'காலஞ்சென்ற மாமேதை'. ஆளுக்கு அப்போது வயது 28, உயிரோடு இருக்கிறார்! வேடிக்கைக்கு வைத்த பெயர்தான். ஆனால் சாவு விற்கும் என்று கால் நூற்றாண்டுக்கு முன்பே அந்த வியாபாரத்துக்குத் தெரிந்திருந்தது.

1975 வாக்கில் படம்பிடித்த 'ஹார்ட்வோர்ன் ஹைவேஸ்' என்ற ஆவணப்படம் இருக்கிறது. அதில் டவுன்ஸ் கையில் பாட்டிலும் துப்பாக்கியுமாகக் கோமாளித்தனம் செய்வார். அதைத்தான் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதே படத்தில் இன்னொரு காட்சி. சீமோர் வாஷிங்டன் என்ற வயதான கறுப்பினக் கொல்லர் பக்கத்தில் நிற்க, டவுன்ஸ் அமைதியாக 'வெயிட்டிங் அரவுண்ட் டு டை' பாடுகிறார். பெரியவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. துடைக்கக்கூட இல்லை. அந்தக் கண்ணீரை வரவழைத்தது பாட்டிலா, பாட்டா? இரண்டு காட்சிகளில் எதை நினைவில் வைத்துக்கொள்கிறோம் என்பதில் நம்முடைய தரமும் இருக்கிறது.

கடைசி நாட்களை விரிவாக எழுத மனமில்லை. 1996 டிசம்பரில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. டாக்டரிடம் போகாமல் நாள் கடத்தினார், சக்கர நாற்காலியிலேயே ரெக்கார்டிங்குக்கும் போனார். பிறகு அறுவை சிகிச்சை. குடி நின்றதால் உடம்பு நடுங்கிப் புலம்பத் தொடங்க, டாக்டர்கள் பேச்சை மீறி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1997 ஜனவரி 1 அன்று இதயம் நின்றது. வயது 52. அவர் போற்றிய ஹாங்க் வில்லியம்ஸும் 1953-ல் அதே ஜனவரி 1-ல்தான் இறந்தார். உடனே அதிலும் ஒரு காவியப் பொருத்தம் கண்டுபிடித்து மெய்சிலிர்த்தார்கள். 52 வயதில் ஒருவர் குடியால் சாவதில் காவியம் என்ன இருக்கிறது? பிள்ளைகள் அப்பா இல்லாமல் வளர்ந்தார்கள். அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

எனவே மக்களே, இரண்டு தரப்புக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பெற்றவர்களே, பிள்ளை கையில் கிடாரைப் பார்த்ததும் பாட்டில் ஞாபகம் வர வேண்டாம். தபால்காரர் ப்ரைனைச் சொல்லுங்கள், பட்டறைக்காரர் க்ளார்க்கைச் சொல்லுங்கள், திருந்தி வந்து இன்னும் எழுதுகிற ஏர்லைச் சொல்லுங்கள். பிள்ளை நிஜமாகவே சோர்ந்து கிடந்தால், பல நாள் தூங்காமல் திரிந்தால், அதைக் கலைஞனின் மூட் என்றும் விடாதீர்கள், கொழுப்பு என்றும் திட்டாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 1960-களின் ஷாக் சிகிச்சைக் காலம் இல்லை இது. மருந்து இருக்கிறது, பேசிக் கேட்க ஆள் இருக்கிறது.

தம்பி தங்கைகளே, டவுன்ஸ் மாதிரி ஆக வேண்டுமா? தாராளமாக ஆகுங்கள். பிடிக்காத ஆல்பத்தைப் பிரித்துப்போட்டு மறுபடி பதிவு செய்த டவுன்ஸ் மாதிரி. ஹாப்கின்ஸின் விரலை வருடக்கணக்கில் பழகிய டவுன்ஸ் மாதிரி. அறையில் சும்மா இருந்த நேரத்தில் பேனாவை எடுத்த டவுன்ஸ் மாதிரி. அவரிடமிருந்து திருட வேண்டியது அதுதான். மற்றது அவரிடமிருந்தே எல்லாவற்றையும் திருடிக்கொண்டு போய்விட்டது.

பி.கு.: எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 1973-ல் ஹூஸ்டனில் ஒரு சின்ன மதுக்கடையில் பதிவு செய்து, 1977-ல் வெளிவந்த 'லைவ் அட் தி ஓல்ட் குவார்ட்டர்'. ஏசி வேலை செய்யாத வெக்கையில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு கூட்டம், ஒரே ஒரு கிடார், நடுநடுவே கடி ஜோக். 29 வயது. ஒரு விரல் பிசகவில்லை, ஒரு வரி மறக்கவில்லை. அதைக் கேட்டுவிட்டு, அவர் 1990-களில் மேடையில் பாடிய பதிவு எதையாவது கேளுங்கள். நான் இவ்வளவு நீளமாக எழுதியதை உங்கள் காதே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும்.